மாதரி மனையும் மார்க்கையன்கோட்டை மனையும்



சென்ற தை மாதத்தில் நாம் நால்வர் மதுரை வட்டாரத்துச் சமணக் குன்றுகளை வழிபடச் சென்றிருந்தோம். ஆனைமலை, கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம் ஆகிய தலங்களைத் தரிசித்தபின், நெடுநாள் ஆவலாக இருந்த உத்தமபாளையத்தை நோக்கிப் புறப்பட்டோம். திருக்குணகிரி எனக் கல்வெட்டு கூறும் அவ்விடத்தில், பாறை முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள். தென்னாடெங்கும் நடந்து அறம் வளர்த்த அச்சணந்தி அடிகளின் பெயரும் அங்கே உண்டு. ஆயிரம் ஆண்டு பழமையுடைய அந்தப் பாறையை ஊரார் இன்று கருப்பணசாமி பாறை என்றே அழைக்கின்றனர். கருப்பணசாமி கோயிலும் அருகிலேயே இருக்கிறது. அருகனும் கருப்பணனும் ஒரே பாறை நிழலில் இருக்கக் கண்டபோது, அடுத்த இரண்டு நாள்களில் நாம் கேட்கப்போவதற்கு அதுவே முன்னுரை என்று நமக்குத் தோன்றவில்லை.

தங்குவதற்கு மார்க்கையன்கோட்டைக்குச் சென்றோம். சின்னமனூரை அடுத்த சிறு பேரூர் அது, குச்சனூரும் பக்கந்தான். 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை முடிந்து நீர் கிழக்கே திரும்பியது முதல், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரால் விளைகிறது. அந்நிலத்தில் சிறுபங்குடைய உழவர் குடும்பம் ஒன்றில், வந்தவாசிப் பக்கத்துச் சாவகர் ஒருவரின் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். கல்லூரியில் உடன் பயின்றவரை மணந்தவர். மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தந்தையார் நமக்கு நெடுநாள் நண்பர். நித்திய பூசை தவறாதவர். நாம் புறப்படுகையில் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "போவதானால் போங்கள். அங்கே தண்ணீர் மட்டும் குடித்துவிடாதீர்கள்."

அந்தத் தந்தையை நாம் குறை கூறுவதற்கில்லை. அவர் அஞ்சியது தம் பெருமைக்காக அன்று, நோன்புக்காக. ஆனால் அந்த மனையில் நாம் தண்ணீரும் குடித்தோம். இரு நாள்கள் உணவும் கொண்டோம். ஏன் கொண்டோம் என்பதை அவருக்கும், அவரைப் போன்ற வேறு சிலருக்கும் சொல்லவே இவ்வுரை.

மாலை நான்கு மணியளவில் சென்று சேர்ந்தோம். மாமியார் திண்ணையில் காத்திருந்தார். வாசலில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு புதிய மண்சட்டிகளையும், ஒரு புதிய அகப்பையையும், கழுவிக் கவிழ்த்திருந்த பித்தளைத் தவலையையும் காட்டி, "உங்களுக்காகச் சின்னமனூர்ச் சந்தையில வாங்கினதுங்கய்யா. எங்க சட்டி எதுவும் இதுல படலை. பயப்படாமச் சாப்பிடுங்க" என்றார். எழுபதைத் தொடும் அம்மையார். பள்ளி சென்றவர் அல்லர். சமணம் என்ற சொல்லையே மருமகள் வந்த பிறகுதான் கேட்டவர்.

இளங்கோவடிகளின் காப்பியத்தில் நாம் பலமுறை படித்த இடம் ஒன்று அப்போது கண்முன் நின்றது. கவுந்தியடிகள் மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்னும் ஆய்ச்சியிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி சாவகி அல்லள். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அடிகளைக் கண்டு வணங்கியவள். அவள் சேரியோ கண்ணனைப் பாடிக் குரவையாடும் சேரி. ஆயினும் வந்தவர்கள் சாவக நோன்பினர் என்று அறிந்ததும், கோவலர் இருக்கையில் அவர்களைச் சேர்த்து வைக்காமல், செம்மண் பூசிய பந்தரையுடைய தனிச் சிறுமனை ஒன்றில் இருத்துகிறாள். பகற்பொழுதிலேயே உண்ணத்தக்க உணவு சமைப்பதற்கு ஏற்ற நல்ல கலங்களைத் தாழ்க்காமல் கொடுங்கள் என்று ஆயர் மகளிரை ஏவுகிறாள். அவர்களும் கலங்களோடு பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, தம் பால்படு பொருள் எல்லாம் கொண்டுவந்து கொடுக்கின்றனர். மாதரி மகள் ஐயை வைக்கோல் எரியூட்டி உதவ, கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, வியர்க்க வியர்க்கச் சமைத்து, வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் உண்ட கடைசி உணவு அது. அதனால்தான் அடிகள் காய்களின் பெயரைக்கூட விடாமல் சொன்னார் என்று நாம் எண்ணுவதுண்டு.

இதில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. வேறு நெறியினள் ஒருத்தி கொடுத்த கலத்தில், அவள் மகள் மூட்டிய தீயில் சமைத்ததால் சாவகன் நோன்பு குலைந்தது என்று காப்பியம் எங்கும் கூறவில்லை. துறவியாகிய கவுந்தியடிகளே அந்த மனையைத் தேர்ந்து அனுப்புகிறார். நோன்பு நிலைத்தது, நோற்றவன் உறுதியால் மட்டுமன்று. நோலாதவள் காட்டிய மதிப்பாலும் நிலைத்தது. பல சமயத்தார் கூடி வாழ்ந்த தமிழ்நாட்டில் நம் முன்னோர் இத்தனை நூற்றாண்டுகள் நோன்பு காத்தது மாதரிகள் பலர் இருந்தமையால்தான்.

சந்தைச் சட்டிகளைப் பார்த்தபின் நாம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அவ்வீட்டில் அடுப்புகள் இரண்டு. உள்ளே எரிவாயு அடுப்பு மருமகளுடையது. அதில் இறைச்சியோ மீனோ முட்டையோ ஏறியதில்லை. கொல்லையில் தகரக் கூரையின் கீழ் விறகடுப்பு மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமையும் விருந்தாளி வரும் நாளும் அங்கே கறி வேகும். அதற்குரிய சட்டியும் கரண்டியும் அரிவாள்மணையும் கொல்லைச் சுவரோடு நின்றுவிடும். மாமனார் இப்போது இல்லை. கணவர் எல்லாம் உண்பவர். ஆனால் மனைவியை உண்ணச் சொன்னதும் இல்லை, சமைக்கச் சொன்னதும் இல்லை. இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததன்று. முதலாண்டில் குழாயில் இரட்டை மடிப்புத் துணி கட்டி நீர் வடித்தபோது, "பெரியாத்துத் தண்ணிக்கே சல்லடையா?" என்று தெருவே சிரித்ததாம். இன்று அந்தத் துணி அழுக்கேறினால் முதலில் அவிழ்த்துத் துவைப்பவர் மாமியார்.

உணவு பற்றியும் சொல்ல வேண்டும். இரு நாளும் நாம் உண்டவை எளிய உணவுகளே. முதல்நாள் மொச்சைக் குழம்பு, வாழைப்பூப் பொரியல். மறுநாள் பிஞ்சுப் பலாக்காயை மிளகு, சீரகம், சோம்பு அரைத்துத் தேங்காயோடு வதக்கியது, முருங்கைக்கீரை, பருப்பு, தயிர். வெங்காயமும் பூண்டும் அந்த அடுப்பில் இல்லை. அவற்றின் இடத்தில் பெருங்காயம். ஊரில் பலரும் இறைச்சிக்கு நிகராகப் பேசும் மொச்சையில் வண்டு விழும் என்பதால், வாங்கிய அன்றே ஒவ்வொன்றாகப் பார்த்து, துளையுள்ளதை ஒதுக்கி, வெயிலில் காயவைத்து எடுக்கிறார் அப்பெண். ஒதுக்கியதைக் குப்பையில் கொட்டாமல் வேலியோரத்தில் நிழல் பார்த்து வைக்கிறார். வாழைப்பூவை மடல் மடலாக விரித்துப் பார்த்தே ஆய்கிறார். பலாக்காய்க் கறியைக் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதையும் கண்டோம். நாச்சுவையால் ஒருவரை வெல்ல முடியும் என்பது நம் கொள்கை அன்று. ஆனால் சுவையற்ற சைவச் சமையல் அறத்துக்குச் செய்யும் தீங்கை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

பொழுது பற்றியும் ஒரு வார்த்தை. அப்பள்ளத்தாக்கின் மேற்கே மலைத்தொடர். நம் வந்தவாசிச் சமவெளியில் ஞாயிறு மறைவதைக் கண்ணால் காண்கிறோம். அங்கே அது மலைக்குப் பின்னே போன பிறகும் வெளிச்சம் நெடுநேரம் நிற்கிறது. எதை மறைவு என்று கொள்வது? அப்பெண் மலைமறைவையே மறைவாகக் கொண்டு அதற்குமுன் உண்டு முடிக்கிறார். வயலிலிருந்து கணவர் திரும்பி உண்பதோ இரவு எட்டு மணிக்கு. கணவனுக்கு முன் மனைவி உண்பதா என்று உறவினர் பேசிய நாளில், "பசிச்சவ சாப்பிடுறா, உங்களுக்கென்ன?" என்று வாயடைத்தவர் அதே மாமியார்தான்.

முதல்நாள் இரவு திண்ணையில் அமர்ந்து அறவுரை கேட்க வேண்டும் என்றார் அப்பெண். உரை ஆற்றுவதற்கு முன் அவரே கேட்டார். ஏட்டில் படித்த கேள்விகள் அல்ல அவை.

"ஐயா, அத்தைக்கு முழங்கால் வலி. அம்மியின் முன் உட்கார முடிவதில்லை. கறிக்கு மசாலா அரைத்துக் கொடு என்கிறார்கள். நான் வெட்டவில்லை, வேகவைக்கவில்லை. அரைத்துக் கொடுக்கலாமா?"

கூடாது என்றோம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் அகிம்சை அணுவிரதத்தை வரையறுக்கும்போது, மனம் மொழி மெய் மூன்றாலும், தானே செய்தலும் பிறரால் செய்வித்தலும் செய்வார்க்கு உடன்படலும் இன்றி, இயங்கும் உயிர்களைக் கொல்லும் சங்கற்பத்தை விடுதல் என்கிறார். அதைப் பின்பற்றிய நம் அருங்கலச்செப்பும் அந்நெறியே நிற்கும். கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்று வாதிட்டவரை நீலகேசி எப்படி மடக்கினாள் என்பதை நாம் அறிவோம். வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றனர் என்பதே குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் காட்டும் காரணமும். கறிக்கென்று அறிந்து அரைக்கும் மசாலா அந்தத் தொடரில் ஒரு கண்ணி. அரைத்த பொடி கடையில் கிடைக்கிறது. அதை மகன் வாங்கி வரட்டும் என்றோம். உடன் வந்த நண்பர் ஒருவர், "அதுவும் வேண்டாமென்று சொல்ல வேண்டியதுதானே" என்றார். அவர் மகனிடம் அதைச் சொல்லட்டும். நோன்பு பூண்டவளிடம் சொல்லிப் பயனில்லை என்று விடையிறுத்தோம்.

"அப்படியானால் அந்தச் சட்டியைக் கழுவுவதும் கூடாதா? அத்தையால் குனிய முடியவில்லை. மூன்றாண்டுகளாக நான்தான் கழுவுகிறேன். கழுவிவிட்டுக் குளிப்பேன். அப்பாவுக்கு இது தெரியாது."

இதற்கு விடை சொல்ல நாம் சற்றுத் தயங்கியது உண்மை. ஆனால் சட்டி கழுவுவதால் எவ்வுயிரும் சாவதில்லை. சமைக்க ஊக்குவதும் இல்லை. முடியாத முதியவளுக்குச் செய்யும் பணி அது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று அருவருப்பின்மை. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் உண்டதையெல்லாம் கக்கியபோது, அதைத் தம் கையாலேயே துடைத்த உத்தாயண மன்னர் கதையை அவ்வுறுப்புக்குச் சான்றாகப் பெரியோர் கூறுவர். முனிவருக்குச் செய்தது வேறு, மாமியாருக்குச் செய்வது வேறு என்று சிலர் கூறக்கூடும். கையில் பட்டது எதுவாயினும் மனத்தில் வெறுப்பின்றி நிற்பதே அங்குச் சோதிக்கப்பட்டது. கழுவுக, மகளே என்றோம்.

அதற்குப்பின் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னார். மகனுக்கு ஏழு வயது. தாயின் அடுப்பிலும் உண்பான். கொல்லையில் அப்பத்தா மடியில் அமர்ந்தும் உண்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயெல்லாம் எண்ணெயாக ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. "இனி என் கையால் உனக்குச் சோறில்லை" என்று தள்ளிவிட்டார். மறுநாள் முழுவதும் சோறு போடவில்லை. பிள்ளையும் பிடிவாதமாக அப்பத்தாவிடம் கேட்காமல் கிடந்து, மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் சுருண்டுவிட்டான். அன்றிரவே காய்ச்சல், மூன்று நாள் இறங்கவில்லை. பட்டினியால் வந்த காய்ச்சல் அன்று, ஊரெங்கும் இருந்த காய்ச்சல்தான் என்று மருத்துவர் கூறினாராம். "ஆனாலும் ஐயா, நான் ஓர் உயிரையும் கொன்றதில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

வாசகர்களே, அகிம்சை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது மீறல்கள், கூறப்பட்டுள்ளன. பாடசாலையில் நாம் மனப்பாடம் செய்தவைதாம். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல் என்னும் நான்கையும் சொல்லும்போது நமக்கு வண்டிமாடு நினைவுக்கு வரும். நம்மிடம் வண்டிமாடு இல்லையாதலால் நிம்மதியாகக் கடந்துவிடுவோம். ஐந்தாவது என்ன? தன்னை அண்டியிருக்கும் உயிர்க்கு உணவும் நீரும் தடுத்தல். புலால் உண்டான் என்பதற்காக ஒரு குழந்தைக்குச் சோறு மறுத்தது, புலால் மறுக்கும் அதே விரதத்தின் மீறல். இதை மென்மையாகச் சொல்ல நமக்கு வழி தெரியவில்லை, உள்ளபடியே சொன்னோம். அவர் அழுதார். ஆனால் தன் குற்றம் இன்னது என்று பெயர் தெரிந்ததே ஓர் ஆறுதல் போலவும் இருந்தது. பிரதிக்கிரமணம் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம்.

அக்குழந்தையை என்ன செய்வது? எட்டாம் ஆண்டளவில் உபநீதி செய்து நோன்பு கொடுப்பது ஆதிபுராணம் கூறும் முறை. அதற்குமுன் அவன் உண்பது அவன் நோன்பின் மீறல் ஆகாது. அவனுக்கு நோன்பே இன்னும் இல்லை. தாய் மொச்சையில் துளை பார்ப்பதையும், ஒதுக்கிய வண்டை நிழலில் வைப்பதையும் அவன் தினமும் பார்க்கிறான். மறுநாள் காலையில் நம்மிடம் வந்து, "அந்த வண்டுக்குப் பசிக்காதா தாத்தா?" என்று கேட்டவனும் அவன்தான். இதைக் கொண்டு அவன் நாளை சாவகனாவான் என்று நாம் கணித்துவிடவில்லை. அன்று மதியமே கொல்லைப்புறம் கருவாடு கேட்டு நின்றவனும் அவன்தான். நோன்பு கேட்பவனுக்குத்தான் கொடுக்கலாம். அவன் கேட்கும் நாளில் கொடுக்க ஒரு தாத்தா வேண்டும். அவன் தாத்தாவோ ஒன்பது ஆண்டுகளாக அவ்வூர்ப் பேருந்தில் ஏறவில்லை.

காய்ச்சலின்போது அப்பத்தா ஒன்று நேர்ந்திருந்தார். பிள்ளை பிழைத்தால் மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கருப்பசாமிக்கு ஒரு சேவல். நேர்ந்துவிட்ட அந்தச் சேவல் முற்றத்தில் நம் இலையோரம் வந்து பருக்கை கொத்திக்கொண்டிருந்தது. அதைப் படைத்துச் சமைக்கும் நாளில் மருமகள் கோயிலுக்கு வந்தாக வேண்டும், பிள்ளையின் தாயல்லவா? கணவர் இருவருக்கும் இடையே ஒரு வழி கண்டார். சேவலுக்குப் பதிலாக ஒரு பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி வைத்துவிடலாம். மாமியார் ஒப்பவில்லை. "கருப்பன் என்ன பச்சைப் பிள்ளையா, காயைக் காட்டி ஏமாத்த?" என்றார். நம் பக்கம் திரும்பி, "ஐயா, அவ ஒண்ணு நேர்ந்திருக்கா. நான் ஒண்ணு நேர்ந்திருக்கேன். அவ நேர்ந்ததை நான் ஒருநாளும் கலைக்கச் சொன்னதில்லை. என்னுதை மட்டும் கலைக்கச் சொல்றது நியாயமா?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு நூலில் விடை உண்டு. ஒன்று உயிரைக் காக்கும் நேர்ச்சி, மற்றது உயிரைப் போக்கும் நேர்ச்சி. இரண்டையும் ஒரு தட்டில் வைக்கலாகாது. ஆனால் வாங்கி வைத்த புதுச்சட்டியில் உண்டுவிட்டு, அந்த அம்மையாரின் திண்ணையில் அமர்ந்துகொண்டு இதைச் சொல்ல நா எழவில்லை. தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2003இல் அதை உறுதியாக நடைமுறைப்படுத்த முனைந்தனர். 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அரசாணையால் முடியாததை நாம் ஒரு மாலையில் வாதிட்டு முடிப்பதாவது! "கதை ஒன்று சொல்லலாமா அம்மா?" என்று கேட்டோம். கதை என்றதும் பக்கத்து வீட்டுப் பெண்டிரும் வந்து அமர்ந்தனர்.

யசோதர காவியத்தைச் சொன்னோம். உஞ்சயினி மன்னன் யசோதரன் தீக்கனாக் கண்டதாகக் கூற, தாய் சந்திரமதி தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள். அவனோ கொல்ல அஞ்சுகிறான். தாயை மறுக்கவும் அஞ்சுகிறான். அரிசி மாவினால் ஒரு கோழி செய்து அதை வெட்டிப் படைக்கிறான். வெட்டுண்ட மாக்கோழி கூவிக்கொண்டு விழுகிறது. பின்னர் மனைவி அமிர்தமதி இட்ட நஞ்சுணவால் தாயும் மகனும் மடிந்து, மயிலும் நாயுமாகவும், மீனும் முதலையுமாகவும், ஆடும் எருமையுமாகவும் பிறந்து பிறந்து ஒருவரையொருவர் வருத்துகின்றனர். அவன் மகன் இறந்த தந்தைக்குச் சிராத்தம் செய்கிறான். தந்தையே அந்தச் சமையற் கலத்தில் மீனாகக் கிடக்கிறான். இறுதியில் கோழிகளாகப் பிறந்து, அறவுரை கேட்டு மகிழ்ந்து கூவிய கணத்தில் அம்பு பட்டு, அபயருசி, அபயமதி என்னும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறவி எடுக்கின்றனர்.

இக்கதையில் மாவு சாகவில்லை, சங்கற்பம் கொன்றது. ஆகவே அந்த வீட்டில் பூசணிக்காய் வேண்டாம் என்ற ஒன்றில் நாமும் மாமியாரும் ஒத்துப்போனோம். அவர் சொன்ன காரணம் சாமியை ஏமாற்றலாகாது என்பது. நாம் சொன்ன காரணம் நம்மை ஏமாற்றிக்கொள்ளலாகாது என்பது. மருமகளுக்குச் சொன்னது இது: கோயிலுக்குச் செல், பிள்ளையின் கையைப் பிடித்து நில், வெட்டும் நேரத்தில் விலகியிரு, சமைத்ததைப் பரிமாறாதே, உன் முகத்தில் இகழ்ச்சியும் வேண்டாம், உடன்பாடும் வேண்டாம்.

கதை முடிந்தபின் அம்மையார் வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். "மாவுக் கோழிக்கே இத்தனை பிறவியா?" என்றார். பின்னர், "கதை நல்லாத்தான் இருக்கு. நான் கருப்பங்கிட்டப் பூப்போட்டுக் கேட்டுக்கிறேன்" என்று எழுந்து போனார். நாம் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இனி நம்மவர்க்கு. நம் பிள்ளைகள் இன்று சென்னை, பெங்களூர், துபாய் என்று பணி செய்கின்றனர். கலந்து உண்ணும் வீடுகளில் வாழ்க்கைப்படுகின்றனர். இதை நாம் விரும்பினோமா என்பது வேறு. அப்படிச் சென்ற மகளின் வாசலை மிதியாமல் இருப்பதை நோன்பு என்று கருதும் வழக்கம் நம்மிடம் பரவி வருகிறது. நற்காட்சியின் உறுப்புகளுள் நிலைநிறுத்தல் என்பது எது? நழுவக்கூடிய இடத்தில் இருப்பவரைத் தாங்கிப் பிடிப்பது. துறவில் தளர்ந்த தோழனை வாரிசேணர் கைவிடாது உடனிருந்து நிலைநிறுத்தினார் என்றுதான் நூல் பேசுகிறது. அப்பெண் ஒன்பது ஆண்டுகளாக வழிபாட்டுக்குச் சிநாலயம் இல்லாத ஊரில், பருவ நாள்களை நினைவூட்ட ஆளில்லாமல், தனியாக நோன்பு காத்திருக்கிறார். நாள்காட்டியில் அட்டமியையும் சதுர்த்தசியையும் அவரே வட்டமிட்டு வைத்திருப்பதைக் கண்டோம். அவரைத் தாங்கியவர் யார்? துணி துவைத்துக் கொடுத்த மாமியார். கறியுண்ணும் அம்மையார் செய்த நிலைநிறுத்தலை, நித்திய பூசை செய்யும் நாம் செய்யவில்லை.

தூய அடுப்பு என்று நாம் சொல்லும் அடுப்பும் முற்றும் தூயதன்று. அரிசி களையும் நீரிலும், எரியும் தீயிலும், அரைக்கும் கல்லிலும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. அதற்கு ஆரம்ப இம்சை என்றே பெயரிட்டுள்ளனர். இல்லறத்தான் அதை முற்றும் விட இயலாதென்று இரங்கித்தான், சங்கற்பத்தை மட்டுமேனும் விடு என்று அவனுக்கு எளிய விரதம் வகுத்தனர். அப்படி இரக்கத்தால் பெற்ற சலுகையில் நின்றுகொண்டு பிறர் அடுப்பைப் பார்த்து மூக்கைப் பொத்துவது நமக்குப் பொருந்துமா என்று நண்பரிடமே கேட்டோம். திரும்பி வந்த அன்று மாலை, அவர் வீட்டுத் திண்ணையில். நாம் அங்கே தண்ணீர் குடித்ததையும் மறைக்கவில்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. "சட்டி புதிதா?" என்று மட்டும் கேட்டார். புதிது என்றோம். "பையனுக்கு எத்தனை வயது?" என்றார்.

பங்குனியில் அப்பெண்ணின் மடல் வந்தது. தந்தையும் தாயும் சென்று மூன்று நாள் தங்கினராம். தாய் வீட்டுச் சீரகச் சம்பா அரிசி ஒரு மூட்டையும், வடிகட்டும் துணி இரண்டு முழமும் கொண்டு சென்றனர். தந்தை தாமே காய் அரிந்து கொடுத்தாராம். பேரன் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு கத்தரிக்காயாகப் புழு பார்த்துக் கொடுத்திருக்கிறான். சிவராத்திரிக்கு முன் அத்தை இருமுறை பூப்போட்டுக் கேட்டாராம். என்ன விடை வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். கோயிலில் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்துத் திரும்பினர். சேவல் இன்னும் முற்றத்தில்தான் இருக்கிறது என்றும், விடியற்காலையில் அது கூவும் கூச்சலில் தந்தையாரால் தூங்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்.